மாத்திரைக்குள்ளே தண்ணீரா?

“டீச்சர், இந்த அட்டையைக் கொஞ்சம் பாருங்களேன். மருந்துல தண்ணி கலந்து வித்திருக்காங்க போலிருக்கு!”

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றபடியே ஒரு கேப்ஸ்யூல் அட்டையை நீட்டினார். காலேஜில் படிக்கும் பேத்திக்குத் தொண்டையில் சீழ் பிடித்து ஜுரம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘அமாக்ஸிசிலின் டிரைஹைட்ரேட்’ என்று அச்சாகியிருந்தது.

“டிரைன்னா மூணு, ஹைட்ரேட்னா தண்ணின்னு பேத்தி சொல்றா. பால்ல தண்ணி கலந்தா பால்காரரைக் கேக்கறோம். இதை யார்கிட்ட போய்க் கேக்கறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். இப்படி ஒரு அருமையான கேள்வியை ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை! பேத்தி சொன்ன அர்த்தம் சரிதான். அந்தக் கேப்ஸ்யூலுக்குள் தண்ணீர் இருப்பதும் உண்மைதான். ஆனால், அது கலப்படம் இல்லை.

“உள்ளே வாங்கக்கா, காபி போடறேன்” என்றேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தண்ணீர் சமாசாரம் என்னவென்று பார்த்துவிடுவோம்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

‘ஹைட்ரேஷன்’ என்ற சொல்லை இப்போது எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். வெயிலில் அலைகிறவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து ‘ஹைட்ரேஷன்’ குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் டாக்டர். உடம்பில் போதுமான நீர் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொல்லும் அர்த்தம்.

வேதியியலில் அதற்கு வேறு அர்த்தம். ஒரு பொருளோடு தண்ணீர் மூலக்கூறுகள் போய்ச் சேர்ந்து உறவு வைத்துக்கொள்வதுதான் அங்கே ஹைட்ரேஷன். தமிழில் ‘நீரேற்றம்’ என்கிறோம். நனைவது வேறு, நீரேற்றம் வேறு. துணி நனைந்தால் பிழிந்து உலர்த்தினால் போதும், பழைய துணிதான். நீரேற்றம் நடந்தால் அந்தப் பொருளின் குணமே மாறும். நிறம் மாறலாம், எடை கூடலாம், கல்லாக இறுகலாம், கை பொறுக்காத அளவுக்குச் சூடும் ஆகலாம்.

இந்த உறவு மூன்று விதமாக அமையும்.

முதலாவது, விருந்தாளி போல வந்து தங்குவது. ஒரு பொருள் படிகமாகும்போது தண்ணீர் மூலக்கூறுகளும் கணக்காக வரிசையில் உட்கார்ந்துவிடும். இதற்குப் ‘படிக நீர்’ என்று பெயர். வெளியே பார்த்தால் உலர்ந்த தூள்தான். ஈரம் துளிகூடத் தெரியாது. ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கும்.

இரண்டாவது, கல்யாணம் செய்துகொண்டு குடும்பத்தில் ஒருவராகிவிடுவது. தண்ணீர் தன் அடையாளத்தையே இழந்து, இரண்டும் சேர்ந்து புதுப் பொருளாகிவிடும்.

மூன்றாவது, சுற்றி நின்று காவல் காப்பது. தண்ணீரில் உப்பைப் போட்டால் கரைந்து காணாமல் போகிறதே, அது இந்த வகை.

மூன்றுமே நம் வீட்டில் நடக்கின்றன. மூன்றுக்கும் நம் ஆரோக்கியத்தோடு நேரடித் தொடர்பு உண்டு.

படிகாரம் ஏன் பொரிகிறது?

முகம் மழித்தபின் தடவிக்கொள்ளும் படிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போல உலர்ந்த கட்டி. அதன் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் தண்ணீர் என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு படிகார மூலக்கூறோடும் 12 தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சித்த மருத்துவத்தில் படிகாரத்தை வாணலியில் இட்டுப் பொரிப்பார்கள். கட்டி இளகி, கொதித்து, குபுகுபுவென்று பொங்கி, கடைசியில் பஞ்சு போன்ற வெள்ளைப் பொருளாக நிற்கும். அப்போது ஓடிப்போவது அந்தப் படிக நீர்தான்.

மயில்துத்தம் நீலமாக இருப்பதற்கும் அதனுள் இருக்கும் 5 தண்ணீர் மூலக்கூறுகளே காரணம். சோதனைச் சாலையில் அதைச் சூடாக்கினால் வெள்ளைத் தூளாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மறுபடி நீலம்! (மயில்துத்தம் விஷம். வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.) பேதி உப்பு என்கிற மக்னீசியம் சல்பேட்டில் பாதி எடை தண்ணீர்தான்.

இதே சங்கதிதான் அக்காவின் கேப்ஸ்யூலிலும். அமாக்ஸிசிலின் படிகமாகும்போது ஒரு மருந்து மூலக்கூறோடு மூன்று தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்து உட்காருகின்றன. அதைத்தான் ‘டிரைஹைட்ரேட்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘மோனோஹைட்ரேட்’ என்றால் ஒன்று, ‘டைஹைட்ரேட்’ என்றால் இரண்டு. ‘அன்ஹைட்ரஸ்’ என்று போட்டிருந்தால் நீரற்றது.

“அப்படின்னா 500 மில்லிகிராம்னு போட்டுட்டு தண்ணியையும் சேர்த்துத்தானே எடை போட்டிருப்பாங்க?” என்று மடக்கினார் அக்கா.

நல்ல கேள்வி! அட்டையை மறுபடி பார்க்கச் சொன்னேன். ‘அமாக்ஸிசிலின் டிரைஹைட்ரேட், 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலினுக்குச் சமமானது’ என்றுதான் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதாவது தண்ணீரைக் கழித்துவிட்டு, சுத்த மருந்து மட்டும் 500 மில்லிகிராம் வருகிற மாதிரி, சுமார் 574 மில்லிகிராம் டிரைஹைட்ரேட்டை உள்ளே வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு நாம் காசு கொடுக்கவில்லை!

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் துத்தநாக மாத்திரையிலும் இதே கணக்கு. 20 மில்லிகிராம் துத்தநாகம் கிடைக்க வேண்டுமானால், ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த ஜிங்க் சல்பேட் சுமார் 55 மில்லிகிராம் வேண்டும். ஏழு சேர்ந்ததென்றால் 88 மில்லிகிராம் வேண்டும். ஆகவே மருந்து அட்டையைப் படிக்கும்போது ‘சமமானது’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். டாக்டர் எழுதும் அளவு அதுதான்.

சுண்ணாம்பு கொதிப்பது ஏன்?

இரண்டாவது வகைக்கு வருவோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு தாளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பே கிடையாது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் பச்சைத் தண்ணீரை ஊற்றியதும் கல் வெடித்து, ஆவி கிளம்பி, பானை தளதளவென்று கொதிக்கும். தண்ணீரும் சுண்ணாம்பும் சேர்ந்து புதுப் பொருளாகும்போது வெளிவரும் சூடு அது. ஒரு கிலோ கல் 320 கிராம் தண்ணீரை அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். அப்போது வெளியாகும் வெப்பம், மூன்று லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது.

அதனால்தான் சுண்ணாம்பு தாளிக்கும் இடத்தில் குழந்தைகளை விடக் கூடாது என்று பெரியவர்கள் விரட்டினார்கள்.

“வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்புக்கு அந்தப் பயம் இல்லையே? அது ஏற்கெனவே தண்ணி குடிச்சதுதானே?” என்றார் அக்கா.

பாதி சரி. வெற்றிலைச் சுண்ணாம்பு ஏற்கெனவே நீற்றியது. ஆகவே சூடாகாது. ஆனால் அது கடுமையான காரம். கண்ணில் பட்டால் கருவிழியை அரித்து, பார்வையையே பறித்துவிடும். கடையில் விற்கிறார்களே, சின்னப் பிளாஸ்டிக் சுண்ணாம்புப் பாக்கெட், அதைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடும்போது ‘பட்’டென்று வெடித்துக் கண்ணில் தெறிக்கிறது. நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து இது.

அப்படி நடந்துவிட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள். கண்ணைக் கசக்க விடாமல், இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றிக் கழுவுங்கள். எலுமிச்சம்பழச் சாறு, தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். பிறகு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். முதலில் கழுவுதல், பிறகுதான் ஆட்டோ தேடுதல்!

தோலில் சுட்ட சுண்ணாம்புத் தூள் பட்டால் மட்டும், முதலில் உலர்ந்த துணியால் தூளைத் தட்டிவிட்டு, அதன்பின் ஏராளமான தண்ணீரில் கழுவ வேண்டும். தூள் மேலேயே இருக்கும்போது கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தால் அங்கேயே கொதிக்க ஆரம்பித்துவிடும்.

மாவுக்கட்டு சுடுகிறதா?

கை, கால் எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டும் நீரேற்றத்தின் வேலைதான். ஜிப்சம் என்ற கனிமத்தைச் சூடாக்கினால், அதிலுள்ள படிக நீரில் நான்கில் மூன்று பங்கு போய்விடும். மிச்சம் இருக்கும் வெள்ளை மாவுதான் ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’. பாரிஸ் நகரப் பகுதியில் ஜிப்சம் நிறையக் கிடைத்ததால் அந்தப் பெயர். இந்த மாவைத் தடவிய துணிச்சுருளைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றினால், இழந்த தண்ணீரை மாவு திரும்பப் பிடித்துக்கொண்டு மறுபடி ஜிப்சம் கல்லாகிவிடும். ஹாலந்து நாட்டு ராணுவ மருத்துவர் ஆன்டோனியஸ் மத்தைசன் 1850-களின் தொடக்கத்தில் இந்த முறையைப் பரப்பினார். இன்று ஃபைபர் கட்டுகள் வந்துவிட்டாலும் மாவுக்கட்டு இன்னும் மருத்துவமனைகளில் இருக்கிறது.

கட்டு இறுகும்போது கதகதப்பாக இருப்பது சகஜம். சிறிது நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் எரிகிற மாதிரி இருந்தால், “சும்மா இரு, சரியாயிடும்” என்று குழந்தையை அடக்காதீர்கள். உடனே அங்கேயே டாக்டரிடம் சொல்லுங்கள். சூடு தணியும் வரை கட்டின் மேல் போர்வை போர்த்த வேண்டாம், தலையணை மேல் அழுத்தி வைக்க வேண்டாம். காற்றாட விடுங்கள். முழுதும் உலர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை அழுத்தமோ பாரமோ கூடாது. விரல் வீங்கினாலோ, மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ ராத்திரியானாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பள்ளிக்கூடப் பிராஜெக்ட் என்று பிள்ளைகள் இந்த மாவை வாங்கி வருகிறார்கள். 2007-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 16 வயது மாணவி ஒருத்தி, கைகளின் அச்சு எடுப்பதற்காக ஒரு வாளிப் பிளாஸ்டரில் இரண்டு கைகளையும் விட்டாள். மாவு இறுகியது, கையை எடுக்க முடியவில்லை. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போனது. தீப்புண்ணால் பெரும்பாலான விரல்களை இழந்தாள் அந்தப் பெண். பொம்மை அச்சில் ஊற்றட்டும், தவறில்லை. கையையோ காலையோ அதற்குள் விடவே கூடாது.

சிமெண்டும் இதே ஜாதிதான். சிமெண்ட் ‘காய்ந்து’ இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால்தான் புதுத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கால் புண்ணாவதும் இதனால் உண்டாகும் காரத்தால்தான். வீடு கட்டும்போது கொத்தனார், சித்தாள்களுக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். பெரிய செலவில்லை.

காபி ஆறிப்போனது

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா திடீரென்று கேட்டார்:

“ஏன் டீச்சர், தண்ணி இல்லாத மாத்திரை தானா தண்ணியைப் பிடிச்சுக்குமா?”

“பிடிச்சுக்கும். ஏன் கேக்கறீங்க?”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய மூத்த மகனுக்குப் பல வருஷமாக வலிப்பு. கார்பமாஸெபின் மாத்திரையில் கட்டுப்பட்டு, ஆபீஸ் போய்வந்துகொண்டிருந்தான். ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போதே விழுந்துவிட்டான். நெற்றியில் நாலு தையல். “மாத்திரையை விட்டுட்டீங்களா?” என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அக்கா சத்தியம் செய்யாத குறை. “ஒரு வேளைகூட விடலை டாக்டர், என் கையாலதான் எடுத்துக் கொடுக்கறேன்.”

“எங்கே வச்சிருக்கீங்க அந்த மாத்திரையை?” என்று கேட்டேன்.

“பாத்ரூம் கண்ணாடி அலமாரியிலதான். காலையில பல் தேய்ச்சதும் போட்டுக்கணும், மறக்கக் கூடாதேன்னு. மூணு மாசத்து மாத்திரையையும் அட்டையிலேர்ந்து பிரிச்சு ஒரு டப்பால போட்டு வச்சுடுவேன். தினம் அட்டையைப் பிய்க்கறது அவனுக்குப் பிடிக்காது.”

என் காபி ஆறிப்போனது.

கார்பமாஸெபின் ஈரக் காற்றில் கிடந்தால், தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு ‘டைஹைட்ரேட்’ ஆகக்கூடிய மருந்து. மாத்திரை இறுகிவிடும். வயிற்றில் சரியாகக் கரையாது. கரையாத மருந்து ரத்தத்துக்கு எப்படிப் போகும்? வெளியே பார்த்தால் அதே மாத்திரை, அதே நிறம். விழுங்கியதும் நிஜம். பலன் மட்டும் குறைவு! இப்படிச் சில நோயாளிகளுக்கு வலிப்பு திரும்ப வந்த பிறகு, 1990-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஈரத்தில் வைத்தால் இந்த மாத்திரையின் வீரியத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையலாம், குளியலறையில் வைக்க வேண்டாம் என்பதே அதன் சாரம்.

வெந்நீர் ஆவியடிக்கும் குளியலறை, மூன்று மாதம், மழைக்காலம், மூடி தளர்ந்த டப்பா!

மறுநாளே அக்கா அந்த டப்பாவோடு டாக்டரைப் பார்த்தார். “இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. தூக்கம் கெட்டாலும் வரும், ஜுரத்துலயும் வரும். ஆனா இந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுடுங்க” என்றாராம் அவர். புது அட்டை எழுதிக் கொடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்.

இதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரை ஈரமாகியிருக்குமோ என்ற சந்தேகத்தில் நீங்களாகவே ஒன்றுக்கு இரண்டாகப் போடுவதோ, நிறுத்துவதோ கூடவே கூடாது. வலிப்பு மருந்தில் இரண்டுமே ஆபத்து.

இன்னொரு தண்ணீர் வேலையும் உண்டு. பழைய ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்தால் காடி வாசனை வீசும். அது நீரேற்றம் இல்லை. ‘நீராற்பகுப்பு’. தண்ணீர் வந்து மருந்தையே இரண்டாக உடைத்துவிட்டது என்று அர்த்தம். காடி வாசனை வந்தால் குப்பைத் தொட்டிதான். குழந்தைகளின் ஆன்டிபயாடிக்கைத் தூளாகவே விற்பதும் இந்த உடைசலைத் தள்ளிப்போடத்தான். கொதித்து ஆறிய தண்ணீரைக் குறியிட்ட இடம் வரை ஊற்றிக் கலக்கிய நாளிலிருந்து அதன் ஆயுள் கொஞ்ச நாள்தான். லேபிளில் உள்ள கெடுவைத் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

உப்பைச் சுற்றிக் காவல்

மூன்றாவது வகைதான் உயிர் காப்பது.

தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை லேசான எதிர்மின் தன்மையும் மறுமுனை லேசான நேர்மின் தன்மையும் கொண்டது. உப்பைத் தண்ணீரில் போட்டதும், சோடியத்தை ஆறேழு பேர் சூழ்ந்துகொள்வது போலத் தண்ணீர் மூலக்கூறுகள் வளைத்துக்கொண்டு தனியே இழுத்துவிடும். குளோரைடுக்கும் அப்படியே. ‘கரைந்தது’ என்று நாம் சொல்வது இந்தக் காவல் வளையத்தைத்தான். நம் ரத்தத்திலுள்ள சோடியம், பொட்டாசியம் எல்லாம் இப்படிக் காவலோடுதான் உலவுகின்றன.

குளுக்கோஸ் பவுடரை நாக்கில் போட்டால் ஜில்லென்று இருக்கிறதே, ஏன்? சுண்ணாம்புக்கு நேர் எதிர். படிகத்தைப் பிரித்துக் கரைக்க ஆகும் சூடு, தண்ணீரோடு சேரும்போது கிடைக்கும் சூட்டைவிட அதிகம். அந்தக் குறையை நாக்கிலிருந்து இழுத்துக்கொள்கிறது!

வயிற்றுப்போக்கில் குழந்தை தண்ணீரை மட்டும் இழப்பதில்லை, உப்பையும் சேர்த்து இழக்கிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது. உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் குடல் சரியாக ஏற்றுக்கொள்ளாது. உப்போடு சரியான அளவு குளுக்கோஸும் இருந்தால், குடல் சுவரில் இரண்டும் ஜோடியாக உள்ளே நுழைகின்றன. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. இந்த ஜோடிக் கதவை 1960-ல் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன். அதை உயிர் காக்கும் மருந்தாக முகாமில் நடத்திக் காட்டியவர் நம் நாட்டு டாக்டர் திலீப் மகலனாபிஸ். 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா தலைவிரித்தாடியது. ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. உப்பும் குளுக்கோஸும் பேக்கிங் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவுக்கு இருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022-ல் காலமான அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

அந்தக் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். டாக்டர் சொல்லும் ஹைட்ரேஷனும் வேதியியல் டீச்சர் சொல்லும் ஹைட்ரேஷனும் கை கோத்துக்கொள்ளும் இடம் அந்த ஒரு டம்ளர்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் ‘டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட்’ இருக்கும்! முன்பு அந்த இடத்தில் பேக்கிங் சோடா இருந்தது. ஈரப்பதமான ஊர்களில் தூள் கெட்டுப்போனதால் 1980-களில் சிட்ரேட்டுக்கு மாறினார்கள்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பாதி பிரித்து ஒரு டம்ளரில் கலக்குவது. “கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டுமே” என்று நினைக்கிறார்கள். உப்பு மிகுந்தால் குழந்தையின் உடம்பிலுள்ள தண்ணீரையே அது வெளியே இழுத்து, நிலைமை மோசமாகும். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் மாற்றியமைத்த கலவையில் ஒரு லிட்டருக்கு மொத்தம் 20.5 கிராம் தூள்தான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சின்னப் பாக்கெட்டுகளும் விற்கின்றன. எவ்வளவு தண்ணீருக்கானது என்று படித்து, அளந்து, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்குங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். தூள் கட்டிதட்டி நிறம் மாறியிருந்தால் வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால், ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி. இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதினால், பேதி நின்றாலும் சொன்ன நாள் வரை கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். கைவசம் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. குழந்தை சோர்ந்து கண் சொருகினாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் போகாமல் இருந்தாலோ வீட்டு வைத்தியம் போதாது, உடனே மருத்துவமனை.

அட்டைப் பெட்டிப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் பலர். சர்க்கரை மிகுந்த பானங்கள் தங்கள் பெயரில் அந்த மூன்று எழுத்தைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு, உலக சுகாதார நிறுவனக் கலவை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் மருந்து டப்பா எங்கே இருக்கிறது?

● குளியலறை, சிங்க் மேல் அலமாரி, அடுப்பு மேடை மூன்றும் மருந்துக்கு ஆகாத இடங்கள். படுக்கையறையில் பூட்டிய, உலர்ந்த, வெயில் படாத அலமாரி நல்லது.

● மாத்திரையைச் சாப்பிடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். வாரப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டுமானால், அந்த மருந்தை அப்படி வைக்கலாமா என்று மருந்துக் கடையில் கேளுங்கள். இல்லாவிட்டால் அட்டையையே ஒவ்வொன்றாகக் கத்தரித்து, உறை கிழியாமல் போட்டு வையுங்கள்.

● பாட்டிலுக்குள் இருக்கும் சின்னப் பொட்டலம் ஈரத்தைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கும் சிலிக்கா ஜெல். அதை எறியாதீர்கள். குழந்தை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே அடைத்திருக்கும் பஞ்சை மட்டும் எடுத்துவிடலாம். அது ஈரத்தை இழுத்து உள்ளே கொண்டுவரும்.

● டாக்டரோ லேபிளோ சொன்னால் ஒழிய மாத்திரையை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து நனையும்.

● நிறம் மாறிய, ஊதிய, ஒட்டிக்கொண்ட, வாசனை மாறிய மாத்திரை வேண்டாம்.

பேத்திக்குத் தொண்டை சரியாகிவிட்டது. டாக்டர் சொன்ன நாள் வரை டிரைஹைட்ரேட்டை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். மகனின் மாத்திரை இப்போது அட்டையோடு பீரோவில் இருக்கிறது. காலையில் மறக்காமல் இருக்க, பல் தேய்க்கும் இடத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார் அக்கா. அதில் ‘மாத்திரை பீரோவில்’ என்று எழுதியிருக்கிறது.

போன வாரம் பார்த்தபோது சொன்னார்: “ரெண்டு ரூபாய்க்குத் தண்ணி கலந்துட்டாங்கன்னு சண்டை போட வந்தேன் டீச்சர். தண்ணி கலந்தது நான்தான்னு தெரியாமப் போச்சே!”